பத்துக் கம்பத்துக்கு ஒரு மாத்து

ஆனி பிறந்த நாலாம் நாள், விடிந்தும் விடியாமலும் இருந்த நேரத்தில், ஊருக்கு மேற்கே திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவில் போகும் ரோட்டில் பைக்கை நிறுத்தினேன். பின்னால் இருந்து என் மனைவி அருள்செல்வி இறங்கிக் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினாள். ஒரு வருடம் கழித்து அந்த ரோட்டுக்கு வந்திருந்தோம். இங்கே வர வேண்டாம் என்று இரண்டு பேருமே நினைத்தோம். இரண்டு பேருமே அதைச் சொல்லவில்லை.

என் பெயர் சகாய பிரவீன். சொந்த ஊர் அனுமந்தன்பட்டி. உத்தமபாளையத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். எடை நூறு கிலோவுக்கு மூன்று கிலோ குறைவு. நான் பஸ்ஸைப் பிடிக்க ஓடினால் கண்டக்டரே பரிதாபப்பட்டு விசில் அடித்து நிறுத்திவிடுவார். ஓட்டத்தைப் பற்றி வாய் திறக்க எனக்கு ஒரு தகுதியும் கிடையாது. அருள் ஓடும்போது பைக்கில் பக்கத்திலேயே போய், செல்போனில் நேரம் பார்ப்பது மட்டும்தான் என் வேலை. அந்தச் சின்ன வேலையிலும் ஒரு தப்புச் செய்தேன். அதன் பலனை என் மனைவி அனுபவிக்கிறாள்.

அருளுக்குப் போலீஸ் வேலை கிடைத்திருந்தது. மூன்றாவது முயற்சி, வயது வரம்புக்குள் கடைசி முயற்சி. தேர்வில் பெண்களுக்கு நானூறு மீட்டர்தான் ஓட்டம். அதைப் போன வருடமே தாண்டிவிட்டாள். ஆனால் பயிற்சிப் பள்ளியில் அப்படி இல்லையாம். "அங்கன தெனமும் அஞ்சு கிலோமீட்டராம் மாமா. அடிக்கடி பின்தங்குனா திருப்பி அனுப்பிருவாகளாம்" என்று யாரிடமோ கேட்டு வந்து சொன்னாள். நாற்பது நாளில் போய்ச் சேர வேண்டும். இவளோ அந்தத் தேர்வுக்குப் பிறகு ஒரு வருடமாக ஓர் அடிகூட ஓடவில்லை.

காரணம் அனுஷ்கா.

அனுஷ்கா எங்கள் ஊர்ப் பெண். திராட்சைத் தோட்டத்தில் வேலை பார்க்கும் அன்னத்தாயின் ஒரே மகள். நாற்பது கிலோ இருந்தால் அதிகம், அதில் பாதி வாய். "அண்ணே, வண்டி பாவம்ணே. எறங்கி நீங்களும் ஓடுங்க" என்று தினமும் என்னை வம்புக்கு இழுப்பாள். அவளும் அருளும் போன வருடம் இதே ரோட்டில்தான் ஒன்றாகப் பயிற்சி எடுத்தார்கள்.

ஆனி, ஆடியில் எங்கள் பக்கத்துக் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். கூடலூர் மலை இடுக்கில் புகுந்து கம்பம் வழியாக இறங்கி வரும். தென்னை எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிற்கும். எதிர்த்து ஓடினால் நெஞ்சில் கை வைத்துத் தள்ளுவது போல இருக்கும் என்பாள் அருள். அதற்கு அனுஷ்காதான் ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒருத்தி முன்னால் ஓடிக் காற்றை வாங்கிக்கொள்ள வேண்டும். இன்னொருத்தி அவள் முதுகை ஒட்டி மறைவில் ஓட வேண்டும். ரோட்டோரக் கரண்டு கம்பங்களில் மஞ்சள் பெயிண்டில் நம்பர் இருக்கும். பத்துக் கம்பம் தாண்டியதும் முன்னால் போகிறவள் "மாத்து!" என்று கத்திவிட்டு இடது பக்கம் ஒதுங்குவாள். பின்னால் வருகிறவள் முன்னால் போவாள். நாற்பதாவது கம்பத்தில், மோட்டார் ரூம் சுவர் பக்கம், ஓட்டம் முடியும்.

அந்த ஆனிக் காலையில் அருள் தனியாக ஓடினாள். முதல் பத்துக் கம்பமும் பெரும்பாடு. சடை பின்னால் பறந்தது, வாய் திறந்து மூச்சு இரைத்தது. பத்தாவது கம்பம் வந்தது.

"மாத்து!"

பழக்கம். வேறொன்றுமில்லை. வாய் தன்னால் கத்திவிட்டது, கால் தன்னால் இடது பக்கம் ஒதுங்கிவிட்டது. கத்திய பிறகுதான் அவளுக்கே உறைத்தது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். முகம் வெளுத்திருந்தது.

அப்புறம் அவள் சடை மெல்ல இறங்கி முதுகில் படிந்தது.

என் சட்டை காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் வாழை கிழிந்து ஆடியது. ரோட்டில் மண்ணும் சருகும் எங்களை நோக்கிப் பறந்து வந்தன. அருளுக்கு இரண்டடி முன்னால் வந்ததும் அந்த மண் இரண்டாகப் பிரிந்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக விலகிப் போனது.

நடுவில் ஒரு ஆள் அகலத்துக்கு இடம். ஒல்லியான ஆள்.

"காத்தே இல்ல மாமா" என்றாள் அருள், மெதுவாக.

அந்த மறைவிலேயே அவள் ஓடினாள். நாற்பதாவது கம்பத்தில் பைக்கை நிறுத்தினேன். அவள் நிற்கவில்லை. நாற்பத்து மூன்றாவது கம்பத்தில்தான் முட்டி மடங்கி விழுந்தாள்.

"நிக்க முடியல. முன்னாடி போறவ நிக்கல மாமா, நான் எப்படி நிக்க?"

மறுநாள் நாற்பத்தேழு. அதற்கு மறுநாள் ஐம்பத்திரண்டு. தார் ரோடு முடிந்து மலையடிவாரத்து வண்டிப்பாதை ஆரம்பிக்கிற இடம். நேரம் என்னவோ நன்றாகத்தான் வந்தது. போன வருடத்தைவிட நல்ல நேரம். ஆனால் கால் விரல் நகங்களுக்குள் ரத்தம் கட்டியிருந்தது. சாயங்காலம் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு அவள் அழுவாள். பக்கத்தில் உட்கார்ந்து நான் தண்ணீர் ஊற்றுவேன். எனக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான்.

இடம்தான் கோளாறு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு, நல்ல வெயிலில், ஊருக்குக் கிழக்கே இருக்கும் காலி மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே கம்பமும் கிடையாது, நம்பரும் கிடையாது. வாய் தவறிக் கத்திவிடக் கூடாது என்று கர்ச்சீப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு ஓடினாள். முதல் சுற்று ஒன்றுமில்லை. இரண்டாவது சுற்றும் ஒன்றுமில்லை. எனக்குச் சந்தோஷத்தில் சிரிப்பே வந்துவிட்டது.

மூன்றாவது சுற்றில் கர்ச்சீப் கீழே விழுந்தது.

"மாத்து!"

மைதானத்துப் புழுதி அவள் முன்னால் இரண்டாகப் பிரிந்தது. பத்துச் சுற்று ஓடினாள். பதினைந்து சுற்று ஓடினாள். "நில்லு அருளு, நில்லு!" என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. கடைசியில் ஓடுபாதைக்கு நடுவில் போய், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன். இந்த உடம்பு வேறு எதற்கு இருக்கிறது?

அருள் எனக்கு எதிரே ஏழெட்டு அடி தூரத்தில் வந்துகொண்டிருந்தாள்.

அவள் வருவதற்கு முன்பே ஏதோ ஒன்று என் நெஞ்சில் மோதியது.

கனம் இல்லை. எலும்பும் தோலுமாக, நாற்பது கிலோ இருக்கும். சுட்டது. காய்ச்சல்காரர்களின் நெற்றியில் கை வைத்தால் தெரியுமே, அந்தச் சூடு. என் கழுத்துப் பக்கம் ஒரு மூச்சு இரைத்தது. அடுத்த நொடி அருள் வந்து மோதினாள். இரண்டு பேரும் புழுதியில் விழுந்தோம்.

"காய்ச்சலோடதான் இருக்கா மாமா இன்னும்" என்றாள் அருள். அவளுக்கும் தெரிந்திருந்தது.

அன்றைக்கு ராத்திரிதான், ஒரு வருடம் கழித்து, அதைப் பற்றி முதல்முறையாகப் பேசினோம்.

போன ஆடியில், உடல் தகுதித் தேர்வுக்கு ஐந்து நாள் இருந்தபோது, அனுஷ்கா காய்ச்சலோடு வந்தாள். போய்ப் படு என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அருளுக்கோ தொடையில் பிடிப்பு. முதல் பத்துக் கம்பம் அருள் முன்னால் ஓடினாள். அடுத்த பத்து அனுஷ்கா. இருபதாவது கம்பத்தில் அனுஷ்கா "மாத்து!" என்று கத்தினாள். அருள் முன்னால் போக அடியெடுத்து வைத்தாள்.

நான் பைக்கில் இருந்தபடி வலது கையை நீட்டி, உள்ளங்கையைக் கீழே காட்டி, இரண்டு தடவை அழுத்தினேன்.

காற்றில் பேச்சு கேட்காது என்று நாங்கள் வைத்திருந்த சைகை அது. பின்னாலேயே இரு என்று அர்த்தம். என் மனைவியின் காலை மிச்சம் பிடிக்க நினைத்தேன். அருள் பின்னாலேயே இருந்தாள்.

இருபத்தைந்தாவது கம்பத்தில் மறுபடியும் "மாத்து!" முப்பதில், திரும்பிப் பார்த்து, "அக்கா, மாத்துக்கா." காற்றில் கேட்காதது போல இரண்டு பேரும் இருந்தோம். அவள் நின்றிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். ஐந்து நாளில் தேர்வு. நின்றால் நேரம் போய்விடும். அக்கா இப்போது முன்னால் வந்துவிடுவாள் என்று கம்பத்துக்குக் கம்பம் நம்பித்தான் ஓடியிருக்கிறாள். நாற்பதாவது கம்பத்தில் மோட்டார் ரூம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவள், "மாத்து" என்றாள். அதற்குப் பிறகு பேசவில்லை. பைக்கில் நடுவில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். வழியிலேயே உயிர் போய்விட்டது என்றார்கள்.

"நீங்க கையைத் தாழ்த்துனீக. ஆனா எனக்குக் கேட்டுச்சு மாமா. மூணு தடவையும் கேட்டுச்சு" என்று அருள் சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் பூசை முடிந்ததும் அன்னத்தாயைப் பார்க்கப் போனேன். தோட்டத்தில் பந்தலுக்கு அடியில் உட்கார்ந்து, குலையில் இருந்து அழுகின பழங்களைச் சின்னக் கத்தரிக்கோலால் நறுக்கிக்கொண்டிருந்தாள். சாவு வீட்டில் அவள் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தாள். "கடைசியா எம்மக என்னய்யா சொன்னா?" நான், "அம்மான்னு கூப்பிட்டா" என்று சொல்லியிருந்தேன். அந்தப் பொய்யை வைத்துக்கொண்டுதான் ஒரு வருடம் ஓட்டியிருக்கிறாள்.

"வாய்யா, உக்காரு. அன்னைக்கு எம்புள்ளைய வண்டியில தூக்கிட்டு ஓடுன புண்ணியவான்ல நீ" என்றாள்.

அந்தச் சொல்லைத் தாங்க முடியாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சைகை, மூன்று தடவை கூப்பிட்டது, இப்போது நடப்பது, எல்லாம். கத்தரிக்கோல் நின்றது. திட்டுவாள், அடிப்பாள் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப என்னையக் கூப்பிடலையா?" என்று கேட்டாள்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அவள் மறுபடியும் பழத்தை நறுக்க ஆரம்பித்தாள். "இன்னும் முன்னாடியேதான் ஓடுறாளா?"

"ஆமாம்மா."

"மாத்திவிடச் சொல்லுய்யா உன் வீட்டுக்காரிய. ஒரு வருசமா ஓடுறா. எம்புள்ளைக்குக் காலு வலிக்கும்ல."

திங்கட்கிழமை விடியற்காலையில் மறுபடியும் அதே ரோடு. பத்தாவது கம்பத்தில் அருள் வழக்கம் போல் ஒதுங்கினாள், சடை முதுகில் படிந்தது. இருபதாவது கம்பம் வந்தது. யாரும் கத்தவில்லை. அருள்தான் பேசினாள், கண்ணில் தண்ணீர் வழிய.

"அனுஷ்கா, நான் முன்னாடி வாறேன்டி. நீ பின்னால வா. அக்காவ மன்னிச்சிரு."

இரண்டு எட்டு வைத்து முன்னால் போனாள். சடை விருட்டென்று பின்னால் பறந்தது. எதிர்க் காற்று அவளை நெஞ்சில் அடிப்பதைக் கண்ணால் பார்த்தேன். முப்பதாவது கம்பத்தில் "மாத்து" என்றாள். காற்று அப்படியே இருந்தது. நாற்பதாவது கம்பத்தில் நின்றாள்.

நின்றுவிட்டாள்! நான் பைக்கைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டேன். இருபதடி இருக்கும், என் வாழ்க்கையிலேயே நான் ஓடிய நீளமான ஓட்டம். அவளும் சிரித்தாள். முடிந்தது என்று இரண்டு பேரும் நம்பினோம். அன்று சாயங்காலம் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்தோம்.

வீட்டுக்கு வந்து படுத்த பிறகு அருள் சொன்னாள், "மாமா, முதுகு சுடுது."

தோள்பட்டைகளுக்கு நடுவில் கை வைத்தேன். நைட்டி நனைந்து சுட்டது. ஒரு கை அகலம்தான். பக்கத்தில் இருந்து யாரோ விட்டு விட்டு மூச்சு விடுவது போல, சுட்டது, ஆறியது. மறுபடியும் சுட்டது.

அவள் முகத்தைத் தலையணையில் புதைத்துக்கொண்டாள். நான் விடியும் வரை அங்கே கையை வைத்தபடியே இருந்தேன்.

அடுத்த மாதம் அருள் வெளியூரில் இருக்கும் பயிற்சிப் பள்ளிக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் போன். முதல் வாரம் பேசினாள்.

"ஓட்டத்துல நான்தான் மாமா முன்னாடி. மேடம் எல்லாரும் பாராட்டுறாக."

"நல்லதுதான புள்ள?"

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இங்கன ஒரு இலைகூட ஆடல மாமா. எனக்கு மட்டும் எதிர்க் காத்து. மூச்சு முட்டுது. மாத்து, மாத்துன்னு கத்துறேன். யாருக்கும் கேக்கல."

"வேலையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். கெளம்பி வந்துரு அருளு."

"எங்க வந்தாலும் ஓடணும்ல மாமா. படுத்திருக்கும்போதே காத்து அடிக்குது."

லைன் துண்டிக்கப்பட்டது. அடுத்த முழு வாரமும் நான் அந்தத் தோட்டத்து ரோட்டில் ஓடினேன். ஆமாம், நான்தான். இரண்டு கம்பத்துக்கு மேல் முடியாது. உட்கார்ந்து வாந்தி எடுத்துவிட்டு மறுபடியும் ஓடுவேன். "அனுஷ்கா, கையைத் தாழ்த்துனது நான். எம் பின்னாடி வாம்மா. நான் காத்த வாங்கிக்கிறேன்" என்று கத்தினேன். காற்று என்னை அடித்தது. என் முதுகு சில்லென்றுதான் இருந்தது. தோட்டத்துக்குப் போகிறவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அது அவர்கள் இரண்டு பேருக்குள் இருக்கும் முறை, என்னால் மாற்றிவிட முடியாது.

மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை பார்வையாளர்களை விட்டார்கள். ஒன்பது மணிக்குத்தான் உள்ளே போகலாம். நான் ஆறு மணிக்கே போய்க் கம்பி வேலிக்கு வெளியே நின்றேன். மைதானத்தில் ஓட்டம் நடந்துகொண்டிருந்தது. முப்பது பெண்கள், ஒருவர் பின் ஒருவராக வரிசையில்.

முதலில் என் அருள். கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு துருத்தி, பாதியாகியிருந்தாள். வேப்பமரத்தில் ஓர் இலை அசையவில்லை. அவள் முடி மட்டும் பின்னால் இழுத்துக்கொண்டு பறந்தது.

அவளுக்குப் பின்னால் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடைவெளி.

அதற்குப் பின்னால் வரும் பெண் அந்த இடைவெளியை மூடப் பார்த்தாள். வேகமாக எட்டு வைத்தாள். "கேப்பு விடாத, ஒட்டி ஓடு!" என்று பயிற்சி கொடுக்கும் அம்மா அதட்டினார். அந்தப் பெண்ணால் ஒட்ட முடியவில்லை. இடைவெளி அப்படியே இருந்தது.

வேலி ஓரம் திரும்பும்போது அருள் என்னைப் பார்த்துவிட்டாள். அந்தப் பார்வையை எப்படிச் சொல்வேன்? அவள் வாய் திறந்தது.

"மாத்து."

எனக்குக் கேட்டது. தெளிவாகக் கேட்டது. "முன்னாடி போ அனுஷ்கா, போம்மா" என்று அந்த இடைவெளியைப் பார்த்துக் கத்த வாயெடுத்தேன்.

என் வலது கை உயர்ந்தது.

நான் உயர்த்தவில்லை. கம்பி வேலிக்கு மேலே நீண்டது. உள்ளங்கை தரையைப் பார்த்துத் திரும்பியது.

இரண்டு தடவை அழுத்தியது.

இடது கையால் அந்த மணிக்கட்டைப் பிடித்தேன். காய்ச்சல் சூடு. அருள் என் கையைப் பார்த்தாள். கண்ணைத் தாழ்த்திக்கொண்டு ஓடினாள். இடைவெளி அவள் முதுகை ஒட்டிப் பின்னாலேயே போனது.

பயிற்சி முடிய இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. இங்கே ஊரில், தினமும் காலையில் ஓட்டம் ஆரம்பிக்கிற நேரத்துக்கு, படுத்திருக்கும்போதே என் வலது கை எழுந்து நீள்கிறது. இடது கையால் பிடித்து இழுக்கிறேன். மேலே விழுந்து அமுக்கிப் பார்க்கிறேன். நூறு கிலோ ஆள். என்னால் அதை இறக்க முடியவில்லை.